பழைய போனை உடைக்க வேண்டாம்

“போனில் உள்ள எல்லாவற்றையும் அழிக்கும் ரீசெட்டைச் செய்தாலும் படங்களை மீட்டுவிடுவார்கள்; பழைய போனை மறுசுழற்சிக்குக் கொடுக்காமல் சுத்தியலால் உடைத்துவிடுங்கள்” என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது தவறு.

மிகப் பழைய மாடல்களுக்கு அந்தப் பயம் நியாயம்தான். இன்றைய போன்கள் தகவலை ரகசியக் குறியீடாக மாற்றிப் பூட்டியே சேமிக்கின்றன. ரீசெட் செய்ததும் அதைத் திறக்கும் டிஜிட்டல் சாவி அழிந்துவிடும். மிஞ்சுவதை யாராலும் படிக்க முடியாது. கருவிகளிலிருந்து தகவலை அழிப்பது பற்றி அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனமான என்ஐஎஸ்டி வெளியிட்ட 800-88 வழிகாட்டியும் இம்முறையை ஏற்கிறது. ஆப்பிள், ஆண்ட்ராய்டு உதவிப் பக்கங்களில் செய்முறையைப் பார்க்கலாம்.

உடைப்பதில்தான் ஆபத்து: லித்தியம் பேட்டரி நசுங்கினால் தீப்பிடிக்கலாம்.

போனைக் கொடுப்பதற்கு முன், முதலில் அதிலுள்ள உங்கள் கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேறுங்கள். இதை மறந்தால் நல்ல போன்கூட பூட்டிக்கொண்டு அடுத்தவருக்கு உதவாமல் போகும், பாவம். சிம், மெமரி கார்டைக் கழற்றுங்கள். அப்புறம் ரீசெட்.

2022-ல் உலகில் சேர்ந்த 6.2 கோடி டன் மின்கழிவில் முறையாக மறுசுழற்சிக்குப் போனது 22.3% மட்டுமே. தயவுசெய்து அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.