சவுத்டேல் முதல் மால் அல்ல, முதல் மூடிய வட்டார மால்

‘1956-இல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் திறந்த சவுத்டேல்தான் உலகின் முதல் ஷாப்பிங் மால், அதற்கு முன் மால் என்பதே இல்லை’ என்ற கூற்று பாதிதான் சரி. சியாட்டிலின் நார்த்கேட் 1950-லேயே வந்துவிட்டது. டெட்ராய்ட் அருகே நார்த்லேண்ட் 1954-இல் திறந்தது. அதை வடிவமைத்தவரும் சவுத்டேலை வடிவமைத்த கட்டடக் கலைஞர் விக்டர் க்ரூயன்தான். ஆனால் இரண்டுமே திறந்தவெளி. கடைக்குக் கடை போக வெயிலிலும் பனியிலும்தான் நடக்க வேண்டும்.

மினசோட்டா குளிருக்கு அது சரிப்படாது. அதனால் அங்கே ஈடைனா நகரில் சவுத்டேலைக் கட்டியபோது எல்லாக் கடைகளையும் ஒரே கூரைக்குள் கொண்டுவந்து, உள்ளே சுமார் 24 டிகிரி செல்சியஸில் வைத்தார்கள். சவுத்டேலின் உண்மையான புதுமை இதுதான். நடுவில் மேற்கூரை வெளிச்சம் விழும் முற்றம், மீன்குளம், பறவைக்கூண்டு எல்லாம் உண்டு; வெளியிலிருந்து பார்த்தால் மொட்டைச் சுவர்!

பலர் கவனிக்காத ஒன்று கார் நிறுத்துமிடம். ஒரே தளத்தில் நிறுத்தினால் மாடிக் கடைகளுக்கு ஆள் ஏற மாட்டார்கள். அதனால் நிறுத்துமிடத்தையும் இரண்டு மட்டங்களில் அமைத்தார்கள்; எஸ்கலேட்டரும் போட்டார்கள். டேட்டன்ஸ், டொனால்ட்சன்ஸ் என்ற போட்டிக் கடைகள் இரண்டும் அதே கூரைக்குள் இருந்தன.

கூரை போட்டதையே கணக்கில் எடுத்தாலும், மிலானின் கண்ணாடிக்கூரைக் கடைவீதி 19-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது.