அது எங்கள் பிரச்சினை இல்லைங்க!

கோத்தகிரியில் சிறு தேயிலை விவசாயிகளின் பச்சைத் தேயிலைக் கணக்கு எழுதுகிறேன். மூன்று வாரமாக லேப்டாப் தினமும் நீலத் திரை காட்டி நின்றுவிடுகிறது.

தயாரித்த கம்பெனியைக் கேட்டால் இயங்குதளமான விண்டோஸின் கோளாறு என்கிறார்கள். விண்டோஸ் பக்கம் கேட்டால், டிரைவர் எனும், கணினியின் பாகங்களை இயக்கும் மென்பொருளின் கோளாறாம், கம்பெனியிடமே கேட்கணுமாம். சரி என்று மழையில் மேட்டுப்பாளையம் இறங்கி, கோவை சர்வீஸ் சென்டருக்கும் போனேன். "ஹார்டுவேர் நல்லாத்தான் இருக்குங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஒரு நாள் பிழைப்பு போனதுதான் மிச்சம்.

டிரைவர் பல சமயம் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலுக்குள்ளேயே ஓடும். அதில் ஒரு பிழை வந்தால் மொத்தக் கணினியும் படுத்துவிடும். 2024 ஜூலை 19 அன்று உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் விழுந்ததும் இப்படித்தான். தப்பு விண்டோஸுடையது அல்ல, ஒரு பாதுகாப்பு மென்பொருளின் அப்டேட்டுடையது. ஆக, திரையில் தெரியும் பெயரை வைத்து யார் மேலும் பழி போட முடியாது.

ஆனால் விழும்போது விண்டோஸ் பெரும்பாலும் மினிடம்ப் என்றொரு கோப்பை எழுதி வைக்கிறது. எந்த டிரைவர் என்பது பல நேரம் அதிலேயே தெரியும். முதலில் போனை எடுப்பவர் அதைத் திறந்து படித்தால் என்ன? இதுவரை ஒருவர்கூட அந்தக் கோப்பைக் கேட்கவில்லை.