ஆம்பர்ஃபே: அடிச்சொல் எங்கிருந்து வருகிறது?

பிரெஞ்சில் தொடர்ந்தோ வழக்கமாகவோ நடந்ததைச் சொல்லும் ஆம்பர்ஃபே இறந்தகாலத்துக்கு, அகராதியில் உள்ள மூலவடிவத்தின் கடைசி எழுத்துகளை வெட்டிவிட்டு விகுதி சேர்த்தால் போதும் என்று ஒரு நண்பர் சொல்லியிருக்கிறார். பார்லே, 'பேசு', மாதிரியான வினைகளுக்கு விடை சரியாக வந்துவிடும், அதனால்தான் பலரும் நம்புகிறார்கள். ஆனால் விதி அதுவல்ல. நிகழ்காலத்தில் 'நூ', அதாவது 'நாங்கள்', வடிவத்தை எடுத்து அதன் 'ஓன்' விகுதியை நீக்க வேண்டும். மிச்சமிருப்பதுதான் அடிச்சொல்.

அன்றாடம் வரும் ஃபேர், 'செய்', அதையே பாருங்கள். நூ ஃபெஸோன், 'ஓன்' போனால் ஃபெஸ், ஆகவே ஜெ ('நான்') ஃபெஸே. எழுதும்போது எஃப்புக்குப் பின் ஏ, ஐ இரண்டும் இருக்கும், வாயில் மட்டும் 'ஃபெ' (இது என்னையும் கொஞ்ச நாள் படுத்தியது). 'குடி' என்ற புவார் இன்னும் தெளிவு: நூ புவோன், ஜெ புவே. மூலவடிவத்தை எப்படி வெட்டினாலும் இது கிடைக்காது. 'நூ' வடிவம் உள்ள வினைகளில் விலகி நிற்பது எத்ர், 'இரு', மட்டும்தான்: ஜெத்தே.

சோதிக்க வேண்டுமா? லாரூஸ் இணைய அகராதியில் ஃபினீர், 'முடி', வினையின் அட்டவணையைத் திறந்து, நிகழ்கால 'நூ' வரியையும் ஆம்பர்ஃபே வரிகளையும் ஒப்பிடுங்கள். இரண்டிலும் இரட்டை எஸ் இருக்கும், மூலவடிவத்தில் ஒன்றுகூட இருக்காது.