காய்ச்சல் இல்லை என்றால் அழற்சி இல்லையா?
'தாய்க்குக் காய்ச்சல் இல்லாவிட்டால் குழந்தைக்குத் தொற்று வருமோ என்று பயப்பட வேண்டாம்' என்று குறைமாதக் குழந்தைகளுக்கு வரும் தொற்று பற்றிய இந்தக் கட்டுரையில் இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. குறைமாதப் பிரசவங்களில் பனிக்குடச் சவ்வு அழற்சி (குழந்தையைச் சுற்றியுள்ள நீர்ப்பையின் சவ்வு கிருமியால் அழற்சி அடைவது) பல நேரம் சத்தமே இல்லாமல்தான் இருக்கும். என் அக்காவுக்கு 31-வது வாரத்தில் லேசாக நீர் கசிந்தது. சிறுநீர் என்று நினைத்து நாப்கினை மாற்றிக்கொண்டே இருந்தாள். காய்ச்சல், வலி எதுவும் இல்லை. பிரசவத்துக்கு அப்புறம் நஞ்சுக்கொடியைப் பரிசோதனைக்கு அனுப்பியபோதுதான் அழற்சி தெரிந்தது. அதற்குள் பிள்ளைக்கு மூச்சு விட்டுவிட்டு வந்தது, குழாயில் கொடுத்த பால் செரிக்காமல் வயிற்றிலேயே நின்றது, ரத்தத்தில் கிருமி. மேலே கருத்து எழுதிய ஒருவர், இப்படிக் குழந்தைக்கு வரும் தொற்றுக்கான எல்லாப் பழியையும் இன்குபேட்டர் சுத்தத்தின் மேல் போடுகிறார். அதுவும் உண்டுதான், ஆனால் முதல் 72 மணி நேரத்தில் வரும் தொற்றுக்குத் தாயின் பக்கமும் பார்க்க வேண்டும். தாயின் நோய் எதிர்ப்புப் புரதங்கள் பிள்ளைக்குப் பெருமளவில் போய்ச் சேருவதே கடைசி மூன்று மாதத்தில்தான்; குறைமாதப் பிள்ளைக்கு அது குறைவாகவே கிடைத்திருக்கும். அதற்காக நீர் கசிந்ததும் மருந்துக்கடையில் ஏதோ ஒரு ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்கவும் கூடாது. குறைமாதத்தில் நீர் கசிந்த தாய்மாருக்கு ஆன்டிபயாடிக் கொடுத்துப் பார்த்த, 2001-ல் வெளியான ஆரக்கிள் ஆய்வில் கோ-அமாக்சிக்ளேவ் என்ற ஆன்டிபயாடிக் சாப்பிட்ட தாய்மாரின் குழந்தைகளுக்குக் குடல் அழுகல் நோய் கூடியது, எரித்ரோமைசின் என்ற இன்னொரு ஆன்டிபயாடிக்தான் தேறியது.