வான்கோ தனித்திருந்ததால் புதுமை பிறந்ததா? உண்மை விளக்கம்

திருகோணமலையில் சித்திரப் பாடம் படிக்கும் பிள்ளைகளின் வாட்ஸ்அப் குழுக்களில் டச்சு ஓவியர் வான்கோவைப் பற்றி ஒரு செய்தி சுற்றுகிறது: “வான்கோ வாழ்நாளில் ஒரே ஓவியம்தான் விற்றார். யாரோடும் சேராமல், சந்தையை ஒதுக்கியதால்தான் புதுமை செய்தார். கண்காட்சி, விற்பனை எல்லாம் கலையைக் கெடுக்கும்.”

இது சரியல்ல. “ஒரே ஓவியம்” என்று சொல்லப்படும் ‘சிவப்புத் திராட்சைத் தோட்டம்’ 1890இல் பிரஸ்ஸல்ஸ் கண்காட்சியில் 400 பிராங்குக்குப் போனது. வாங்கிய அன்னா போக் தானும் ஓவியர். அவருடைய தம்பி யூஜின், வான்கோவின் நண்பர். அதற்கும் முன்பே, 1882இல், கலை வணிகரான வான்கோவின் சித்தப்பா ஒருவர் ஹேக் நகரக் காட்சிகளைப் பணம் கொடுத்து வரையச் சொன்னார்.

தனிமைக் கதையும் நிற்காது. வான்கோவின் தம்பி தியோ பாரிஸில் ஓவிய வியாபாரி. தாங்கி என்ற வண்ணக் கடைக்காரர், ஓவியங்களை வாங்கிக்கொண்டு வண்ணக் குழாய்கள் கொடுத்தார். அந்தக் கடையில்தான் பிரெஞ்சு ஓவியர் செசானின் படங்களையும் இளம் ஓவியர்கள் பார்த்தார்கள். பிங் என்ற வணிகரிடம் மலிவாகக் கிடைத்த ஜப்பானிய அச்சுப்படங்களை வான்கோ கட்டுக்கட்டாக வாங்கினார். அந்தத் தட்டையான நிறங்களும் அழுத்தமான கோடுகளும் எங்கிருந்து வந்தன என்று நினைக்கிறீர்கள்? பெர்னார், கோகன் ஆகிய ஓவியர்களுடன் ஓவியங்களை மாற்றிக்கொண்டதும் உண்டு.

அவர் வறுமையில் வாடியது உண்மைதான், அதை யாரும் மறுக்கவில்லை.

ஆம்ஸ்டர்டாம் வான்கோ அருங்காட்சியகத்தின் இணையத்தளத்தில் இந்த விளக்கம் இருக்கிறது. அவருடைய கடிதங்களும் இணையத்தில் இலவசம், போனிலேயே வாசிக்கலாம். அந்தச் செய்தி வந்தால் மேலும் அனுப்பாதீர்கள். அனுப்பியவருக்கு இதைச் சொல்லுங்கள்.