அம்மாயி வீட்டில் வளரும் புள்ளைக்குக் கோர்ட் உத்தரவு வாங்கி வையுங்கள்

அப்பனும் ஆத்தாளும் திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போக, புள்ளை தாராபுரத்திலோ வெள்ளகோவிலிலோ அம்மாயி (அம்மாவின் அம்மா) வீட்டில் வளர்வது நம் பக்கம் புதிதல்ல. மகள் இறந்துபோய், மருமகன் இரண்டாம் கல்யாணம் செய்துகொண்டு "என் புள்ளையைக் கொடுங்க" என்று வாசலில் வந்து நிற்கும் நாளில்தான் சிக்கல். கையில் ஒரு காகிதம் இருக்காது. இருந்தாலும் ஊர்ப் பெரியவர்கள் முன்னால் எழுதி வாங்கிய முத்திரைத்தாளாக இருக்கும். அது கோர்ட்டைக் கட்டுப்படுத்தாது. அப்பா விரும்பித்தான் விட்டுப் போனார் என்பதற்கு ஒரு சாட்சியாக நிற்கும், அவ்வளவுதான்.

தாய்மாமன் மடியில் வைத்துக் காது குத்திய உறவு நமக்குப் பெரிது. ஆனால் 1890-ம் ஆண்டு காப்பாளர் (கார்டியன்) சட்டத்தின் 19-வது பிரிவு, தாயோ தகப்பனோ உயிரோடு இருந்து, தகுதியற்றவர் என்று கோர்ட் கருதாதவரை வேறொருவரைக் காப்பாளராக நியமிக்க முடியாது என்கிறது. மறுமணம் மட்டுமே ஒருவரைத் தகுதியற்றவர் ஆக்காது. அதே சமயம், குழந்தையின் நலன்தான் முதன்மை என்று உச்ச நீதிமன்றம் திரும்பத் திரும்பச் சொல்லி வருகிறது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் வழக்கு நடக்கிறது.

2019-ல் வந்த தீர்ப்பு: தாய் புற்றுநோயில் இறந்தார். தகப்பனும் நோயில் படுத்திருந்ததால் கைக்குழந்தையைத் தாய் வழி உறவுகள் வளர்த்தார்கள். தகப்பன் குணமாகி வந்து கேட்டார், குழந்தை அவரிடமே போனது. 2008 தீர்ப்பு நேர் எதிர். மகளின் வரதட்சணைச் சாவில் குற்றம் சாட்டப்பட்ட மருமகனிடம் பேரனைக் கொடுக்கச் சொன்ன கீழமை உத்தரவுகளை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அவர்மேல் இருந்த வழக்கையும் பையனின் விருப்பத்தையும் கீழே சரியாகப் பார்க்கவில்லை என்பது காரணம். 2022-ல், கொரோனாவில் பெற்றோர் இருவரையும் இழந்த சிறுவன் அம்மாவின் சகோதரியிடம் இருந்து அப்பா வழித் தாத்தா பாட்டிக்கு மாற்றப்பட்டான். வயதையும் வருமானத்தையும் மட்டும் வைத்துத் தாத்தா பாட்டியை ஒதுக்க முடியாது என்றது கோர்ட். ஆக, "வளர்த்தவங்களுக்கே" என்பதும் சட்டமில்லை, "அப்பனுக்கே" என்பதும் சட்டமில்லை.

அதனால் சண்டை வருமுன்பே, காப்பாளராக நியமிக்கக் கேட்டு மனுப் போடுங்கள் என்பேன். அதே சட்டத்தின் 9-வது பிரிவின்படி, குழந்தை வழக்கமாக வசிக்கும் இடத்துக் கோர்ட்டில்தான் மனு. தகப்பன் கோவையில், குழந்தை தாராபுரத்தில் என்றால், கோவையில் போட்ட மனு அதிகார வரம்பிலேயே அடிபடலாம். போன மாதம் தூக்கி வந்து "இங்கேதான் வசிக்கிறது" என்றாலும் நிற்காது. பள்ளியில் வாங்கிய படிப்புச் சான்று, அங்கன்வாடிப் பதிவு, தடுப்பூசி அட்டை, ரேஷன் கார்டு எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள்.

மனுவில் பலர் தவறவிடுவது 10-வது பிரிவு கேட்கும் சம்மத உறுதிமொழி. காப்பாளராக வர விரும்புகிறவர் கையெழுத்துப் போட்டு, குறைந்தது 2 சாட்சிகள் அதில் கையொப்பமிட வேண்டும். இன்னொரு பெரிய தவறு, உயிரோடிருக்கும் தகப்பனைச் சேர்க்காமலே உத்தரவு வாங்கப் பார்ப்பது, அல்லது அவர் எப்போதோ காலி செய்த வீட்டு முகவரியைப் போடுவது. நோட்டீஸ் திரும்பித் திரும்பி வந்து வாய்தா மேல் வாய்தா ஆகும். அவருக்குத் தெரியாமல் உத்தரவு வாங்கிவிட்டாலும் பிறகு அதை ரத்து செய்யக் கேட்டு வருவார். வழக்கு முடியும்வரை குழந்தை உங்களிடம் இருக்க, முதல் மனுவோடே 12-வது பிரிவில் இடைக்கால உத்தரவும் கேளுங்கள். குழந்தையின் பேரில் காடு, தோட்டம் இருந்து அதற்கும் காப்பாளர் கேட்டால் அது மாவட்ட நீதிமன்ற விவகாரம். குடும்பநல நீதிமன்றம் பார்ப்பது குழந்தையை மட்டும்தான். ஆட்கொணர்வு மனு (குழந்தையைக் கோர்ட்டில் கொண்டுவந்து நிறுத்தக் கேட்பது) என்றால் கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல் ஆட்கள் சென்னை உயர் நீதிமன்றத்துக்கும், கரூர் ஆட்கள் அதன் மதுரைக் கிளைக்கும் போக வேண்டும்.

வக்கீல் செலவுக்குப் பயந்து தள்ளிப் போடாதீர்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு இல்லாமல் இலவச சட்ட உதவி உண்டு, மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள். மனுவை அம்மாயி பேரில் போட்டால் இது நேராகப் பொருந்தும். பெற்றோரை இழந்து உறவினரிடம் வளரும் குழந்தைக்கு மிஷன் வாத்சல்யா என்ற மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் கிடைக்க வழியுண்டு. குடும்ப ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000, மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்கலாம்.

விவரம் தெரிந்த வயதுப் புள்ளையை நீதிபதி தன் அறையில் தனியாகக் கூப்பிட்டுக் கேட்கலாம். தயவுசெய்து சொல்லிக்கொடுத்துக் கூட்டிப் போகாதீர்கள். ஏழு வயதுப் புள்ளை வக்கீல் மாதிரிப் பேசினால் எந்த நீதிபதிக்கும் புரிந்துவிடும். அதைவிட முக்கியம், வழக்கு நடக்கும்போதே தகப்பனோ அப்பா வழித் தாத்தா பாட்டியோ புள்ளையைப் பார்க்க வந்தால் கதவைச் சாத்தாதீர்கள். பொங்கலுக்கு அனுப்புங்கள், ஞாயிற்றுக்கிழமை போனில் பேச விடுங்கள். தேதியை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். குறுக்கு விசாரணையில் "அப்பா முகத்தையே காட்டலையாமே?" என்று கேட்கும்போது எடுத்துக் காட்ட அந்த நோட்டு இருக்கும்.