பூட்டிக்கிடக்கும் வீட்டைப் பூசி மெழுகிக் கொல்லாதீர்கள்

தினமும் ஆட்கள் புழங்கும் வீடு வேறு, ஆண்டின் பெரும்பகுதி பூட்டியே கிடக்கும் வீடு வேறு. இந்த வித்தியாசம் தெரியாதவர்கள் கையில் கரணையைக் கொடுக்கக் கூடாது. இதைச் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. கேட்பவர்கள்தான் யாரும் இல்லை.

எங்கள் குடும்பத்துக்கு என்று இருக்கும் ஒரே விடுமுறை வீடு அது. கல்லும் சுண்ணாம்புமாக எழுப்பிய தடித்த சுவர்கள், கையால் செதுக்கிய உத்தரங்கள், ஓட்டுக் கூரை, கால் பட்டுப் பட்டு வழவழத்துப்போன கல் தளம். கூரைக்குச் சற்றுக் கீழே, எப்போதும் காற்று போய்வர வேண்டும் என்றே கட்டியவர்கள் விட்டுவைத்த சிறு சாளரங்கள். “உள்ளே கொஞ்சம் சீர்செய்தால் போதும்” என்றுதான் ஆரம்பித்தார்கள். அந்தக் ‘கொஞ்சம்’ இன்று வந்து நிற்கும் இடத்தைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

கூடத்துச் சுவரின் அடிப்பகுதியில் ஈரம் ஏறிப் பூச்சு பொரிந்திருந்தது. ஒப்பந்ததாரர் வந்தார். விரல் மடக்கி ஒரு தட்டுத் தட்டினார். “சுண்ணாம்பு செத்துவிட்டது, கொத்தி எடுத்துவிட்டு சிமென்ட் பூசிவிடலாம், இரும்பு மாதிரி நிற்கும்” என்றார். அவ்வளவுதான் பரிசோதனை. அண்ணன் சரி என்றார், சித்தப்பா சரி என்றார், வேலை தொடங்கிவிட்டது. அந்த ஈரம் எங்கிருந்து வருகிறது என்று ஒருவராவது கேட்க வேண்டாமா? வாசலைத் தாண்டிப் பத்தடி நடந்து, அதே சுவரின் வெளிப்பக்கம் போய் நின்றால் போதும். மழைநீர்க் குழாய் மூட்டுவிட்டுச் சுவர்மேலேயே ஊற்றிக்கொண்டிருக்கிறது. அடியில் மண் குவிந்து குவிந்து உள்தளத்தைவிட உயரமாகிவிட்டது. ஒரு மண்வெட்டியும் ஒரு குழாய்த் துண்டும் கேட்ட வேலைக்கு மூட்டை மூட்டையாக சிமென்ட் வந்து இறங்கியது.

அடித்தளத்தில் ஈரத்தடுப்பு இல்லாத பழைய சுவர் தரையிலிருந்து தண்ணீரை உறிஞ்சத்தான் செய்யும். கல்லிலும் காரையிலும் இருக்கும் நுண்துளைகள் வழியாக நீர் மேலே ஏறும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தைத் தன் வழியாகவே காற்றில் விட்டுவிடும். ஏறுவதும் உலர்வதுமாக ஒரு சமநிலையில் அந்தச் சுவர் தலைமுறை தலைமுறையாக நின்றது. அதன்மேல் சிமென்டை அப்பினால் ஏறும் வழி மட்டும் திறந்திருக்கும், வெளியேறும் வழி அடைபட்டுப்போகும். தண்ணீர் என்ன செய்யும்? பூச்சு முடியும் உயரத்தைத் தேடி இன்னும் மேலே போகும். முழங்கால் மட்டத்தில் இருந்த கறை இடுப்புக்கு ஏறியது. கூடவே நிலத்திலிருந்து கரைந்துவரும் உப்பும் பூச்சுக்குப் பின்னால் தங்கிப் படிகமாகி, உள்ளிருந்தே காரையை நொறுக்கும்.

இது என் கற்பனை இல்லை. மூலையில் சிமென்ட் வெடித்த இடத்தில் உளியை நுழைத்து நெம்பினேன். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சில்லு அப்படியே கழன்று வந்தது. வெளிமுகம் கருங்கல் போல இறுகியிருந்தது. பின்முகத்தில் வெள்ளை வெளேரென்று உப்பு, பஞ்சு ஒட்டினாற்போல் ஊசி ஊசியாக. அதற்குப் பின்னால் இருந்த பழைய காரையை விரலால் தொட்டேன். ஈர மணலாக உதிர்ந்து கொட்டியது. பூசும்போது அது நல்ல காரை. பூசியவர்கள்தான் அதைக் கொன்றார்கள். ஒப்பந்ததாரரைக் கூப்பிட்டுக் காட்டினால், “பழைய சுவர், அப்படித்தான் இருக்கும்” என்று சுவர்மேலேயே பழியைப் போட்டுவிட்டு, நீர்புகாப் பெயிண்ட் அடித்தால் சரியாகிவிடும் என்கிறார். அதுவும் உரிந்தால் மேலே பலகை அடித்து மறைத்துவிடலாமாம்! ஒரு தவறை மூட இன்னொரு தவறு, அதை மூட மூன்றாவது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கூலி.

“சிமென்ட்தானே பலம்?” என்று அத்தை கேட்கிறார். எல்லோரும் இதையேதான் கேட்கிறார்கள், அதனால்தான் எனக்கு ஆத்திரம் பொங்குகிறது. போர்ட்லாண்ட் சிமென்டுக்கு இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை வாங்கியது 1824இல். அதற்கு முன்பு ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மனிதன் சுண்ணாம்பை நம்பித்தான் கட்டினான், அந்தக் கட்டடங்களில் எத்தனையோ இன்றும் நிற்கின்றன. பழைய கட்டடத்தில் பூச்சும் சாந்தும் கல்லைவிட மென்மையாக இருக்க வேண்டும். சுவர் அசையும்போது பூச்சு விட்டுக்கொடுக்க வேண்டும், உப்பு தின்னும்போது பூச்சுதான் தேய வேண்டும், கல் தேயக் கூடாது. பூச்சு போனால் மறுபடி பூசிக்கொள்ளலாம். கல் போனால் என்ன செய்வீர்கள்?

உத்தரங்களுக்கு நேர்ந்ததை எழுதும்போது கை நடுங்குகிறது. சுவருக்குள் நுழையும் உத்தரத்தின் முனையைச் சுற்றி முன்பு கொஞ்சம் இடைவெளி விட்டிருந்தார்கள். “எலி வரும்” என்று சொல்லி அதையும் சிமென்ட் வைத்து அடைத்துவிட்டார்கள். மரத்தின் வெட்டுமுனைதான் ஈரத்தை வேகமாகக் குடிக்கும் இடம். மரத்தில் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை அழுகல் பூஞ்சைக்கு அங்கே வேலை இல்லை. அதைத் தாண்டிய நிலையிலேயே மாதக்கணக்கில் கிடந்தால் மரம் உள்ளுக்குள் அழுகத் தொடங்கும். ஆட்கள் இருக்கும் வீட்டில் சன்னல் திறப்பார்கள், விளக்கு எரியும், நடமாட்டம் இருக்கும். பூட்டிய வீட்டில் யார் திறப்பது?

இதோடு விட்டார்களா? மீதி உத்தரங்களை ஃபால்ஸ் சீலிங் போட்டு மறைக்கிறார்கள். ஜிப்சம் பலகை ஈரம் பட்டால் வலுவிழந்து தொய்ந்துபோகும். ஒரு ஓடு நகர்ந்து கூரை ஒழுகினால் முன்பெல்லாம் வந்த அன்றே தெரிந்துவிடும், தலைக்கு மேலே எல்லாம் கண்ணுக்குத் தெரிந்தது. இனிமேல் பலகைக்கு மேலே ஒழுகி, மரம் ஊறி, கரையான் மண்குழாய் கட்டி, எலி வயரைக் கடித்து, எல்லாம் இருட்டில் நடக்கும். பலகையில் கறை தெரியும் நாளில் பாதிக் கூரை போயிருக்கும். கொடுமையின் உச்சம் இதற்கு மேல்தான். மறைத்த உத்தரங்களுக்குக் கீழே, “கிராமத்துத் தோற்றம் வேண்டும்” என்று சொல்லி, மர நிறத் தாள் ஒட்டிய உள்ளீடற்ற பெட்டிகளை உத்தரம்போல வரிசையாக மாட்டப்போகிறார்கள். வாய்ச்சியின் தடம் இன்னும் தெரிகிற அசல் மரம் மேலே மூச்சுத்திணறிக் கிடக்கும், அட்டை மரம் கீழே அழகு காட்டும். இதற்கு ஒப்புதல் கொடுத்த அத்தனை பேரும் அந்த உத்தரங்களில் ஊஞ்சல் கட்டி ஆடியவர்கள்.

சரி, அழகு அவரவர் ரசனை என்று விட்டுவிடலாம். உயிரோடு விளையாடுவதை விட முடியுமா? பழைய கதவுகளையும் நிலைகளையும் சுரண்டுகிறோம் என்று இயந்திரத்தில் உப்புத்தாளை மாட்டி, படுக்கையறையில் வைத்தே உலரத் தேய்த்தார்கள். மெத்தைமேல் ஒரு துணிகூடப் போர்த்தவில்லை. அந்தக் கதவுகளில் அடுக்கடுக்காக எத்தனை காலத்துப் பெயிண்ட் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. பழைய பெயிண்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். அமெரிக்காவே வீடுகளில் ஈயப் பெயிண்டைத் தடை செய்தது 1978இல்தான், பல நாடுகள் அதற்கு வெகுகாலம் கழித்துத்தான் விழித்துக்கொண்டன. ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். சிறு குழந்தைகளுக்குத்தான் அதனால் கேடு மிக அதிகம், மூளை வளர்ச்சியையே பாதிக்கும். விடுமுறைக்கு முதலில் ஓடிவந்து அந்தத் தரையில் புரளப்போவது குழந்தைகள்தானே! ஒரு சிறு துண்டைப் பரிசோதித்துப் பார்த்திருக்கலாம். தண்ணீர் தெளித்துக் கையால் தேய்த்திருக்கலாம். தேய்த்த தொழிலாளிக்கு ஒரு நல்ல முகக்கவசமாவது கொடுத்திருக்கலாம். அந்த இளைஞர் வாயில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு மாலைவரை அந்தத் தூசியில் நின்றார். அவர்மேல் எனக்குக் கோபமே இல்லை. அவரை அப்படி நிறுத்தியவர்கள்மேல்தான் கோபம்.

எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றுதான்: அவசரம். அடுத்த விடுமுறைக்குள் முடிந்தாக வேண்டும் என்று எல்லோரும் ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். நனைந்த சுவர் 25 மில்லிமீட்டர் தடிமனுக்கு ஏறக்குறைய ஒரு மாதம் என்ற கணக்கில்தான் உலரும் என்பார்கள் கட்டட வேலை தெரிந்தவர்கள். எங்கள் சுவர் 45 சென்டிமீட்டர். ஈரம் வரும் வழியை அடைத்த பிறகு, இருபக்கமும் காற்றுப் பட்டாலே ஒன்பது மாதம் ஆகும். ஒருபக்கம் மூடிவிட்டால் ஒன்றரை ஆண்டு. சுண்ணாம்புப் பூச்சோ காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து மெல்ல மெல்லத்தான் இறுகும், ஒரு பூச்சு இறுகிய பிறகுதான் அடுத்த பூச்சு. இதை நான் சொன்னபோது அண்ணன், “உனக்கு எதிலும் குறை கண்டுபிடிப்பதே வேலை” என்றார். ஆண்டுக்கு இரண்டு வாரம் தங்கப்போகிறவர்கள், கைப்பேசியில் வந்த படத்தைப் பார்த்து, விரலால் ஒரு குறி தட்டி முடிவெடுக்கிறார்கள். சுவரைத் தொட்டுப் பார்த்தவர் அவர்களில் ஒருவர்கூட இல்லை. அந்த இரண்டு வாரத்தில் படம் பிடிக்க வீடு பளபளக்க வேண்டும், மீதி ஐம்பது வாரம் அது எப்படிக் கிடந்தாலும் பரவாயில்லை!

பூட்டிக்கிடக்கும் அந்த ஐம்பது வாரத்தை மனத்தில் வைத்துத்தானே உள்வேலையைத் திட்டமிட வேண்டும்? ஈரம் பட்டால் உப்பிப்போகும் மரத்தூள் பலகையில் அலமாரி எதற்கு? முதல் மழைக்காலத்திலேயே அடிவிளிம்பு பருத்து மேல்தாள் உரிந்துவிடும். தாத்தா காலத்து மர அலமாரிக்குக் கீலும் தாழ்ப்பாளும் மாற்றினால் போதும். அதைத் தூக்கிக் கொல்லையில் போட்டிருக்கிறார்கள். அலமாரியைச் சுவரோடு ஒட்டாமல் நாலு விரல் தள்ளி வைத்தால் பின்னால் பூஞ்சை பிடிக்காது. நீராவி வெளியேற விடும் சுண்ணாம்பு வண்ணம் இருக்கும்போது சுவருக்கு பிளாஸ்டிக் பெயிண்ட் எதற்கு?

இப்போது புதிதாக ஒன்று கிளம்பியிருக்கிறது. கூரைக்குக் கீழே இருக்கும் சாளரங்களைச் செங்கல் வைத்து அடைத்துவிடலாமாம், தூசி வருகிறதாம், பூச்சி வருகிறதாம். தூசிக்கும் பூச்சிக்கும் கம்பிவலை இருக்கிறது. நானே வாங்கி வைத்திருக்கிறேன், நானே ஏணி போட்டு அடிக்கப்போகிறேன். சிமென்டைக் கொத்தி எடுக்கவும், வெளியே குழாயை மாற்றி மண்ணை வெட்டிச் சரிக்கவும், சுண்ணாம்பு நீற்றிப் பூசத் தெரிந்த ஒரு வயதான கொத்தனாரிடம் பேசிவிட்டேன். அவர் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு முதலில் கேட்ட கேள்வி, “மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் விழுகிறது?” என்பதுதான். குடும்பத்தில் யார் முகம் சுளித்தாலும் சரி, அவர் காய்ந்துவிட்டது என்று சொல்லும்வரை அந்த வீட்டுக்குள் இன்னொரு சிமென்ட் மூட்டை போகாது.